திருமதி டெஸ்ட்டை யார் பார்த்துக்கொள்வது?

1

இந்தக் கதை ஒரு தப்பான பதிவிலிருந்து பிறந்தது. பதிந்தது நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால், நடுவில் நீங்கள் கண்டுபிடித்து என்னை முறைக்கமாட்டீர்கள் என்று ஒரு நப்பாசை.

கனடாவில் வின்னிபெக் நகரத்தில் ஒரு மருத்துவமனை. அதன் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் நுழைந்ததும் இருக்கும் மேசைதான் என் இடம். பத்தொன்பது வருஷமாக அங்கே குமாஸ்தா. நான் யாருடைய நாடியையும் பிடித்ததில்லை. போனை எடுப்பேன், பலகையில் பெயர் எழுதுவேன், எந்தப் படுக்கையில் யார் என்று கணினிக்குச் சொல்வேன். படுக்கையில் ஆள் இருந்து கணினியில் இல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. கணினியில் ஆள் இருந்து படுக்கையில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்று ஆரம்பங்களை எழுதிப் பார்த்தேன்.

"பெருந்தொற்றின் இரண்டாவது அலை எங்கள் நகரத்தின் மேல் வந்து —" (அலையாம். நாங்கள் கடலைப் பார்க்கவேண்டுமென்றால் இரண்டு நாள் ரயிலில் உட்காரவேண்டும். அடித்துவிட்டேன்.)

"செவிலியர்கள் வெண்ணிற ஆடை அணிந்த தேவதை —" (எங்கள் நர்ஸ் லுஸ் இதைப் படித்தால் ஸ்டேப்ளரை எடுத்து என் மண்டையில் போடுவாள். தவிர, அவர்கள் உடுப்பு நீலம்.)

"பதினாலாம் படுக்கையில் ஒரு பெண் இருந்தாள்."

இதை வைத்துக்கொள்கிறேன். இது பொய்தான். ஆனால் நாற்பத்தோரு நாள் ஒரு பிரிவே சேர்ந்து சோறூட்டி வளர்த்த பொய்.

2

எங்களிடம் இருந்தவை பதின்மூன்று படுக்கைகள். 2020 நவம்பரில் மேலிடத்தின் திட்டத்தில் பதினாலு என்று இருந்தது. ஒருவர் ஏணியோடு வந்து, போர்வைகள் அடுக்கிவைக்கும் மூலைக்கு மேலே "14" என்று தகடு அடித்தார். முன்னால் ஒரு திரையும் மாட்டினார். படுக்கை பின்னால் வரும் என்றார். வரவில்லை. ஒரு நாற்காலி மட்டும் வந்தது. அதையும் யாரோ உடைந்த சக்கரத்தோடு தள்ளிவிட்டுப் போனதுதான்.

படுக்கைக்குப் பதிலாக ரப்பர் பந்துகள் வந்தன. ஆளுக்கு ஒன்று, மஞ்சள் நிறம், மேலே ஒரு சிரித்த முகம். கூடவே சுவரொட்டி: எவ்வளவு அழுத்தினாலும் பந்து பழைய உருவத்துக்கு வந்துவிடுகிறதாம், நாமும் அப்படி இருக்கவேண்டுமாம். இதைப் பற்றிக் கணினியில் நாற்பது நிமிடப் பாடம் உண்டு, முடித்தால் சான்றிதழ். லுஸ் நூற்றுக்கு நூறு வாங்கினாள். இரண்டு படுக்கைகளின் அலாரத்துக்கு நடுவே, கேள்வியைப் படிக்காமலே. பந்து, கை கழுவும் தொட்டியின் ஓட்டையில் கச்சிதமாகப் பொருந்தியது.

லுஸ்விமிண்டா அக்பயானி. நாற்பத்தொன்பது வயது. பிலிப்பைன்ஸிலிருந்து வந்து இருபத்திரண்டு வருஷம். எங்கள் பிரிவில் பாதிப்பேர் அந்தத் தீவுக்காரர்கள்தான். அவளைவிடச் சின்னவர்கள், எந்த ஊர்க்காரர்களாக இருந்தாலும், "ஆத்தே" என்று கூப்பிடுவார்கள். அவர்கள் பேச்சில் அக்கா. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த தோஷத்தில் எனக்கு "கூயா" என்று அண்ணன் பட்டம்.*

இப்போது ஒரு வழக்கத்தைச் சொல்லியாகவேண்டும். இது புரியாவிட்டால் கதை புரியாது. காலை ஏழு மணிக்கு வேலை முடிக்கிறவள், வேலைக்கு வருகிறவளிடம் ரிப்போர்ட் கொடுப்பாள். தன் இரண்டு படுக்கைகளையும் பற்றித் தலையிலிருந்து கால்வரை சொல்வாள். வருகிறவள் ஒரு தாளை நாலாக மடித்து எழுதிக்கொள்வாள். கடைசியில் கேள்வி கேட்பாள். பிறகு, "சரி, இனி என் பொறுப்பு" என்பாள். அந்த வார்த்தை வரும்வரை போகிறவள் கோட்டைத் தொடக்கூடாது. எங்கும் எழுதிவைக்காத சட்டம். வெளியே மைனஸ் முப்பதில் கார் உறைந்துகொண்டிருந்தாலும் சரி, கோட்டு ஆணியிலேயே தொங்கும்.

இத்தனை வருஷத்தில் நான் கவனித்த ஒரு விஷயம்: படுக்கையில் இருப்பவர் எப்படி இருக்கிறார் என்று எல்லாரும் கேட்பார்கள். ரிப்போர்ட் கொடுக்கிறவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்க அந்தத் தாளில் இடமே கிடையாது.

* இவர்கள் பேசியது தமிழ் இல்லை என்பது எனக்கும் தெரியும். என் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதுகிறேன். புகார் இருந்தால் மேசைக்கு வாருங்கள்.

3

அன்று காலை பதின்மூன்றாம் படுக்கை காலி. எப்படிக் காலியானது என்று எழுதத் தொடங்கி, "லுஸ், அந்தப் படுக்கைக்காரருக்கு அவர் மகள் வீடியோவில் தெரியும்படி டேப்லெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் —" என்பதோடு நிறுத்திவிட்டேன். அந்த வாக்கியம் அப்படியே நிற்கட்டும்.

ஆக, லுஸ் சொல்வதற்கு ஒரு படுக்கைதான் இருந்தது. எதிரே ஷாண்டெல் தெஜார்லே, இருபத்தாறு வயது, இந்த ஊர்ப் பெண். தாளை மடித்துத் தயாராக நின்றாள். லுஸ் பன்னிரண்டைச் சொல்லி முடித்தாள். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் இருபத்திரண்டு வருஷமாக இரண்டு ரிப்போர்ட் சொல்லிப் பழகிய வாய். அது நிற்கவில்லை. கண் மேலே தகட்டைப் பார்த்தது.

"பதினாலாம் படுக்கை. பொம்பள. வயசு நாப்பத்தொம்பது. வந்து எட்டு மாசம் ஆச்சு. தூக்கம் ரெண்டு மணி நேரம், அதுவும் விட்டு விட்டு. சாப்பாடு ஒரு காப்பி, பாதி முட்ட. வலி இருக்கான்னு கேட்டா இல்லம்பா, நம்பாத. இன்னிக்கு என்ன கெழமன்னு கேட்டா 'புதனுக்கு அப்புறம்'ங்கறா. வேல முடிஞ்சு நேரா வீட்டுக்குப் போறதில்ல. பெரிமீட்டர் ரோட்டுல ஊர ஒரு சுத்து சுத்திட்டுத்தான் போறா. நேத்து ரெண்டு சுத்து."

பெரிமீட்டர் என்பது நகரத்தைச் சுற்றி ஓடும் வளையச் சாலை. ஒரு சுற்று தொண்ணூறு கிலோமீட்டர். திரும்பாமல் விட்டால் அது முடியாது.

ஷாண்டெல் எழுதிக்கொண்டே வந்தாள். அவளும் முந்தின நாள் பதினாறு மணி நேரம் நின்றவள். காதிலிருந்து கைக்கு நேராக ஒரு பாதை; மூளைக்கு அதில் வேலை இல்லை.

"அலர்ஜி?"

"ரப்பர் பந்து."

"குடும்பம்?"

"புருஷன், ஒரு மகன். ரெண்டு பேர்கிட்டயும் நல்லாருக்கேன்னு சொல்லி வெச்சிருக்கா."

இந்த இடத்தில் பேனா நின்றது. ஷாண்டெல் நிமிர்ந்து திரையைப் பார்த்தாள், தகட்டைப் பார்த்தாள், லுஸ்ஸைப் பார்த்தாள். நான் மேசையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன். அவள் சிரித்திருக்கலாம். "ஆத்தே, தூங்கிட்டே பேசறீங்க" என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

"சரி ஆத்தே," என்றாள். "இனி என் பொறுப்பு."

லுஸ் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்று அவள் ஆறு மணி நேரம் தூங்கினாள். மறுநாள் என்னிடம் வந்து, ஏதோ திருடிவிட்டதுபோல மெல்லச் சொன்னாள்.

4

என் குற்றம் இங்கே வருகிறது.

ரிப்போர்ட் கொடுத்து வாங்கப்பட்ட ஒரு படுக்கை, பலகையில் வெறுமையாக இருந்தது. எனக்குக் கை அரித்தது. பதிவதென்றால் பெயர் வேண்டும், பிறந்த தேதி வேண்டும். கணினிக்குள் ஒரு போலி நோயாளி உண்டு. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் தட்டிப் பழகுவதற்காக வைத்திருப்பது. குடும்பப் பெயர் டெஸ்ட். அந்த அம்மாவைத் தூக்கிப் பதினாலில் போட்டேன். மாலைக்குள் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

பதினொன்றரைக்குச் சமையலறையிலிருந்து தட்டு வந்துவிட்டது. சூப், மசித்த உருளைக்கிழங்கு, சிவப்பு ஜெல்லி. மேலே சீட்டு: டெஸ்ட், 14.

"இத என்ன பண்றது?" என்றாள் ஷாண்டெல்.

"நோயாளி சாப்பிட்டாங்களா இல்லையான்னு எழுதணுமே," என்றேன்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள். ஏழு நிமிடம் கழித்து வந்து, "முழுசா சாப்பிட்டாங்க" என்று எழுதினாள்.

அதற்குப் பிறகு நான் எடுக்கவில்லை. தனக்காக ஒருவாய் சாப்பிடமாட்டாள் லுஸ், நேரமில்லை என்பாள். ஆனால் பதினாலு அவள் பங்குக்கு வந்த நாள்களில், ஒரு நோயாளியைப் பட்டினி போட்ட நர்ஸ் என்று பேர் வாங்க அவளால் முடியாது. திரைக்குப் பின்னால் உடைந்த நாற்காலியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு முழுவதையும் வழித்துச் சாப்பிட்டாள்.

(இதெல்லாம் நடக்குமா என்று கேட்பீர்கள். திருத்தி எழுதும்போது நானும் கேட்டுக்கொண்டேன். அதே மாதத்தில் எங்களுக்கு நானூறு பந்துகள் வந்தன என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.)

5

ஒரு வாரத்தில் திருமதி டெஸ்ட்டின் நோய் பெருகியது. ரிப்போர்ட் கொடுக்கிற ஒவ்வொருத்தியும் ஒன்றைச் சேர்த்தாள்.

"குளிக்கும்போது அலாரம் கேக்குதாம். தண்ணிய நிறுத்திப் பாத்தா ஒண்ணுமில்லையாம்." இது ஷாண்டெல்.

"கடையில தக்காளி எடுத்துட்டு இருக்கும்போது அழுதுட்டா. தக்காளி மேல ஒரு வருத்தமும் இல்லையாம்." இது இன்னொருத்தி.

"தங்கச்சி போன எடுக்கறதில்ல. எடுத்தா 'நீங்கள்லாம் ஹீரோ'ன்னு ஆரம்பிச்சுடுவாளாம்."

யாரும் "நான்" என்று சொல்லவில்லை. எல்லாம் அந்த அம்மா. நாலாக மடித்த தாள்களை ஷாண்டெல் ஒரு தலையணை உறையில் போட்டு நாற்காலியின்மேல் வைத்தாள். இருபது நாளில் அது மெத்தென்று ஆகிவிட்டது.

டாக்டர் வீப்பை இந்தக் கதையில் வைப்பதா எடுப்பதா என்று எனக்குக் குழப்பம். மனிதர் அவ்வளவு நல்லவர் இல்லை. இங்கே வந்தால் நல்லவராகத் தெரிவார். இருந்தாலும் நடந்தது நடந்ததுதான். ஒருநாள் காலைச் சுற்றில் பதின்மூன்றுக்கு அப்புறம் திரும்பிவிடாமல் பதினாலின் முன் நின்றார். ஷாண்டெல் வேறு வழியில்லாமல் ரிப்போர்ட் படித்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"கடவுள்கிட்ட பேச்சுவார்த்த இருக்கா?" என்றார்.

"கேக்கல டாக்டர்."

"இல்ல. எழுதிக்கோ. ஞாயித்துக்கெழம ஆராதனைய கம்ப்யூட்டர்ல போட்டுட்டு, சத்தத்த அணைச்சு வெச்சுட்டுப் பாக்கறாங்க." பிறகு மருந்துத் தாளை வாங்கி எழுதினார்: சக்கர நாற்காலியில் வெளியே பத்து நிமிடம், ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஒரு தடவை, சூடாக்கிய போர்வையோடு.

"யார டாக்டர் தள்றது?"

"அது நர்ஸிங் வேல," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டாக்டர் எழுதிவிட்டால் செய்தாகவேண்டும். அன்றிலிருந்து பதினாலு யாருடைய பங்கோ அவள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தாள், இன்னொருத்தி தள்ளினாள். ஆம்புலன்ஸ் நிற்கும் வாசலில், மைனஸ் இருபத்தெட்டில், போர்வையைத் தலைவரை சுற்றிக்கொண்டு பத்து நிமிடம். வேலைக்கு வந்த ஒருவர் எங்கள் நர்ஸ் ஒருத்திக்குக் கைகால் போய்விட்டதென்று நினைத்துக் கேக் வாங்கி அனுப்பினார். அதையும் திருமதி டெஸ்ட் சாப்பிட்டார்.

ஒருநாள் ஆள் இல்லாமல் லுஸ்ஸை நான் தள்ளினேன். போர்வைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"கூயா."

"ம்."

"ரெண்டு சுத்து இப்ப மூணு ஆயிடுச்சு. வேலைக்கு வரும்போதும் சுத்தறேன். இத நான் ரிப்போர்ட்ல சொல்லல."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "குளிர் ஜாஸ்தியா இருக்கு, உள்ள போலாமா?" என்றேன். எனக்குப் பயமாக இருந்தது. ரிப்போர்ட் வாங்குவது நர்ஸின் வேலை. "இனி என் பொறுப்பு" என்று ஒரு குமாஸ்தா சொல்லக்கூடாது. பத்தொன்பது வருஷத்தில் அந்த வார்த்தையை ஒரு பத்தாயிரம் தடவை கேட்டிருப்பேன். ஒருதடவை சொன்னதில்லை. அவள் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், மேசைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

இந்தப் பத்தியை எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்தேன். எடுத்தால் கதையில் நான் கொஞ்சம் தேறுகிறேன்.

6

டார்லீன் ஹ்ரிச்சுக் எங்கள் மேலாளர். முதல் பிரதியில் அவரைப் பொல்லாதவராக எழுதியிருந்தேன். பந்து விநியோகித்தவர், காலணி சத்தத்தோடு வருகிறவர், எதைச் சொன்னாலும் "கேட்டுக்கொண்டேன்" என்கிறவர். அப்படி ஒரு ஆள் இருந்தால் கதைக்கு வசதி. படித்துப் பார்த்தபோது, அவர் தன் அறையில் எப்போதும் விளக்கைப் போடாமலே உட்கார்ந்திருப்பார் என்பது ஞாபகம் வந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இங்கே வைத்துவிட்டேன்.

நாற்பத்தோராம் நாள் காலை ஆறு ஐம்பதுக்கு டார்லீன் வந்தார். பின்னால் இரண்டு ஆம்புலன்ஸ்காரர்கள், ஒரு தூக்குப் படுக்கை. மாகாணத்தின் படுக்கைக் கணக்கைப் பார்க்கிறவர்கள் எங்கள் பதினாலாம் எண்ணைக் கண்டு அசந்துபோயிருந்தார்கள். நாற்பத்தோரு நாள், செயற்கைச் சுவாசம் இல்லை, காய்ச்சல் இல்லை, பசி நன்றாக இருக்கிறது. இப்பேர்ப்பட்ட நோயாளி தீவிர சிகிச்சையில் என்ன செய்கிறார்? வேறு ஊருக்கு மாற்று, படுக்கையைக் காலி செய்.

"திருமதி டெஸ்ட் ரெடியா?" என்றார் டார்லீன்.

நான் பதில் சொல்வதற்குள் திரையை இழுத்துவிட்டார்.

உடைந்த நாற்காலி. தலையணை உறை. பாதி ஜெல்லி.

"பாத்ரூம் போயிருக்காங்க," என்றாள் ஷாண்டெல், ஆறாம் படுக்கையின் வாசலிலிருந்து. அவளும் இன்னும் மூன்று பேரும் அங்கே நோயாளிக்கு மூச்சு இறங்குவதற்காக அவரைக் குப்புறத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"எட எவ்ளோ இருக்கும்?" என்றார் ஆம்புலன்ஸ்காரர்.

டார்லீன் உறைக்குள் கைவிட்டு ஒரு தாளை எடுத்தார். படித்தார். இன்னொன்று. நின்றபடியே பத்துப் பதினைந்து படித்தார். பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்து படித்தார். நான் என் வேலை போனதாகவே முடிவுகட்டிவிட்டேன்.

"பந்து நான் வாங்கல கூயா," என்றார் கடைசியில். அவர் என்னைக் கூயா என்று கூப்பிட்டது அதுவே முதல் தடவை. "மேல இருந்து வந்துச்சு."

"தெரியும் மேடம்."

"இவங்கள குளோஸ் பண்ணு. இல்லாத படுக்கையில எத்தன நாள் படுத்திருப்பாங்க?"

7

கணினியில் ஒரு நோயாளியை எடுக்க மூன்று பொத்தான்கள்தான் உண்டு. வீடு. வேறு மருத்துவமனை. மரணம். ஆக, இந்தக் கதைக்கு மூன்று முடிவுகள்தான் சாத்தியம். ஒவ்வொன்றையும் எழுதிப் பார்த்தேன்.

வீடு: திருமதி டெஸ்ட் போர்வையை மடித்து வைத்துவிட்டு, எல்லாருக்கும் நன்றி சொல்லி, மஞ்சள் பந்தைக் கையில் — (கணினி கேட்கிறது: "வீட்டில் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்?" பதில் எழுதாமல் அடுத்த பக்கம் போகாது.)

வேறு மருத்துவமனை: இரண்டு ஆம்புலன்ஸ்காரர்களும் ஒரு தலையணை உறையைத் தூக்குப் படுக்கையில் வைத்து, ஏழு வார் போட்டுக் கட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு — (சிரிப்பு வருகிறது. ஆனால் அங்கேயும் நர்ஸ்கள்தானே இருக்கிறார்கள். அவர்களிடம் ஏற்கெனவே ஒரு திருமதி டெஸ்ட் இருப்பார்.)

மரணம்: (விரல் போகவில்லை.)

அப்போதுதான் பலகையைப் பார்த்தேன். மணி ஏழு பன்னிரண்டு. அன்று லுஸ்ஸுக்குப் பகல் வேலை. நான் பார்த்த பத்தொன்பது வருஷத்தில் அவள் ஏழுக்கு மேல் வந்ததே இல்லை. அவள் பெயருக்கு எதிரே காலியாக இருந்தது.

போன் அடித்தது.

"கூயா, நான்தான்."

"எங்க இருக்க?"

"பெரிமீட்டர்ல. நாலு மணிக்குக் கெளம்பினேன். இது நாலாவது சுத்து. ஆஸ்பத்திரிக்குத் திரும்பற எடம் வருது, கை திரும்பமாட்டேங்குது. சரி, வீட்டுக்கே போயிடலாம்னா அந்த எடமும் வருது. அதுக்கும் திரும்பமாட்டேங்குது. அழுகையும் வரல கூயா. சும்மா ஓட்டிட்டே இருக்கேன்."

"பெட்ரோல் இருக்கா?" என்றேன். கேட்டதற்கு வெட்கப்படுகிறேன்.

"இந்த சுத்துக்கு வரும். அதுக்கப்புறம் தெரியல."

வெளியே மைனஸ் முப்பத்தொன்று. ஷாண்டெல் ஆறில். மற்ற எல்லாரும் ஏதோ ஒரு கதவுக்குப் பின்னால், கையுறையோடு. ரிப்போர்ட் வாங்கத் தகுதி உள்ள ஒரே ஆள் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். டார்லீனும் நர்ஸ்தான். கடைசியாக ரிப்போர்ட் வாங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது.

அவர் கை நீட்டினார். நான் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன்.

"லுஸ், டார்லீன் பேசறேன்."



டார்லீன் திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் வேறு ஊருக்கு மாற்றும் உத்தரவுத் தாளைப் பின்பக்கம் திருப்பிப் போட்டார். நாலாக மடித்தார். என் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

"ரிப்போர்ட் குடு," என்றார்.

"யாரோடது மேடம்?"

"பதினாலு."

ஒரு லாரி கடந்து போனது கேட்டது.

"பதினாலாம் படுக்கை," என்றாள் லுஸ். குரல் அந்த ஏழு மணிக் குரலாக மாறியிருந்தது. "பொம்பள. வயசு நாப்பத்தொம்பது."

"பேரு?"

நாற்பத்தோரு நாளில் இதை யாரும் கேட்கவில்லை. நாங்கள் எல்லாரும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

"சொல்லு லுஸ். பேரு இல்லாம நான் எப்படி எழுதறது?"

"லுஸ்விமிண்டா," என்றாள். "லுஸ்விமிண்டா அக்பயானி."

8 முதல் 13 வரை

இந்தப் பகுதிகளில் உண்மையான நோயாளிகள் இருக்கிறார்கள். அவர்கள் கதை அவர்கள் வீட்டாருடையது. திரையை விலக்காமல் நேரே வாருங்கள்.

14

லுஸ் முழு ரிப்போர்ட்டையும் கொடுத்தாள். மூன்று சுற்று நாலானதையும், பதின்மூன்றாம் படுக்கைக்காரரின் மகள் கடைசியில் கேட்டதையும், மகனிடம் சொல்லாததையும். டார்லீன் குறுக்கே பேசவில்லை. தாள் நிரம்பியதும் உள்ளங்கையில் எழுதினார். ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேரும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"வேற ஏதாவது இருக்கா?" என்று டார்லீன் கேட்டார்.

"இல்ல மேடம். அவ்ளோதான்."

டார்லீன் வாயைத் திறந்தார்.

இங்கே நிறுத்துகிறேன். அவர் என்ன சொன்னார், கார் எந்த இடத்தில் திரும்பியது, திரும்பியதா என்பதெல்லாம் எனக்குத் தெரியும். மூன்றடி தள்ளித்தான் நின்றேன். சொல்லமாட்டேன். நீங்கள் கோபித்துக்கொள்ளலாம்.

காரணம் இதுதான். நல்ல முடிவைச் சொன்னால் நீங்கள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு எழுந்துபோவீர்கள். கெட்ட முடிவைச் சொன்னால் கொஞ்சம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோவீர்கள். இரண்டிலும் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். ஆம்புலன்ஸ் வாசலில் நான் செய்ததும் அதுதானே. கேட்டுக்கொண்டேன், போய்விட்டேன். இந்தக் கதையை நான் எழுதியதே, அந்தப் பத்து நிமிடத்தை இன்னொருவரிடம் ஒப்படைக்க முடியுமா என்று பார்க்கத்தான். குமாஸ்தா ரிப்போர்ட் கொடுக்கவும் கூடாதுதான். இதற்காக என்னை வேலையைவிட்டு எடுக்கட்டும்.

தாள் ஒன்றை நாலாக மடித்துக்கொள்ளுங்கள்.

பதினாலாம் படுக்கை. பெயர் மேலே சொன்னதுதான். உங்களுக்குத் தெரிந்த வேறொரு பெயர் மனதில் வந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். தூக்கம் குறைவு. வலி இல்லை என்பாள், நம்பவேண்டாம். தனக்கென்றால் சாப்பிடமாட்டாள், யாருக்காவது என்றால் சாப்பிடுவாள். ரப்பர் பந்து ஆகாது. இப்போது வளையச் சாலையில் இருக்கிறாள். நாலாவது சுற்று. கால் டாங்க் பெட்ரோல். போன் இன்னும் இணைப்பில்தான் இருக்கிறது. நாம் மூச்சு விடுவதுகூட அவளுக்குக் கேட்கும்.

கேள்வி ஏதாவது இருந்தால் கேளுங்கள்.

இல்லையென்றால் நீங்கள் சொல்லவேண்டியது என்ன என்பது உங்களுக்கே தெரியும். மூன்றே வார்த்தை. நான் அவசரப்படுத்தவில்லை. என் கோட்டு இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது.